றேமண்டுக்கு வேலை கிடைத்தது

கொட்டாஞ்சேனை
2024 மார்ச் 4

அன்புள்ள புளோறன்ஸ்,

நேற்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில், நீண்ட ஆலோசனைக்குப் பின்னர், என்னுடைய சுயவிபரக் கோவையிலிருந்து முதுமாணிப் பட்டத்தை நீக்குவதென இந்த வீட்டில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. நான் முன்மொழிந்தேன். நேசம் வெங்காயம் உரித்தபடியே வழிமொழிந்தாள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்றேன். பௌதிகச் சிறப்புப் பட்டம் மாசி மாதமே காலமாகிவிட்டது. வங்கியில் தரவுத்தளங்களைப் பார்த்த இருபது வருடங்கள் அடுத்த வாரம் போகும்.

இந்த ஏற்பாடுகளுக்குக் காரணம் சொல்கிறேன். வங்கி எங்கள் பிரிவை மூடிய பிறகு நான் ஏறாத மென்பொருள் கம்பனி கொழும்பில் இல்லை. எல்லா இடத்திலும் என்னை எழுந்து நின்று வரவேற்கிறார்கள். குளிர்ந்த நெஸ்கபே தருகிறார்கள். பிறகு, என் மகன் வயதுள்ள ஒருவர் (எனக்கு மகன் இல்லை, இருந்திருந்தால் என்று வைத்துக்கொள்ளும்) மிகுந்த துக்கத்துடன், "அங்கிள், இந்த வேலைக்கு உங்கட படிப்பு கூடிப்போச்சு" என்கிறார். படித்தவர்கள் எல்லாரும் மெல்பேர்னுக்கும் டொரொன்டோவுக்கும் போய்விட்டதால், இனிப் போக முடியாதவர்களை மட்டுமே எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். படித்தவன் போய்விடுவான். ஆகவே படிக்காதவன் வேண்டும். ஆள் கிடைத்த பிறகு, கம்பனியில் படித்தவன் ஒருவனும் இல்லையே என்று கருத்தரங்கு வைக்கிறார்கள். நான் எங்கேயும் போகமாட்டேன், எனக்கு ஐம்பத்திரண்டு வயது, மனைவி நேசத்துக்குச் சிறுநீரகத்தில் வருத்தம் என்றேன். அதுவும் மேலதிகத் தகுதியாகவே கொள்ளப்பட்டது.

பட்டங்களை நீக்கியும் பயனில்லை. கூகிளில் என் பெயரைப் போட்டால் எல்லாம் திரும்ப எழும்பி வந்து நிற்கின்றன.

இனி, நான் இந்தக் கடிதம் எழுதும் விஷயம். நீர் நாலு வருடமாக என் தொலைபேசிக்குப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் தபால். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், கடிதத்துக்கு நாலு நாள். நீர் இதை வாசிக்குமுன் எனக்குத் துணிவு போய்விட இது போதிய அவகாசம்.

என் தம்பியின் அடையாள அட்டையும், ஓ.எல். பரீட்சைப் பெறுபேற்றுத் தாளும், கம்பியூட்டர் வகுப்பில் கொடுத்த ஆறு மாதச் சான்றிதழும் உம்முடைய அலுமாரியில் இருக்கின்றன. மரணச் சான்றிதழ் எடுக்க நீர் சம்மதிக்காதபடியால் அரசாங்கத்தின் கணக்கில் றேமண்ட் இன்னும் இருக்கிறான். அவனுடைய தகுதிகள் இன்றைய சந்தைக்கு அளவெடுத்துத் தைத்தவை. எங்கள் இருவருக்கும் அப்பா பேதுருவின் மூக்கு.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும்.

ஹியூபேட்

*

வெள்ளவத்தை
மார்ச் 11

திரு. ஹியூபேட் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் தரம் வாசித்தபோது சிரிப்பு வந்தது. அதற்காக என்னிலேயே எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தரம் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. 2019 நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தவர்களின் திருநாள். இறந்தவர்களின் பெயர்களைக் கவரில் எழுதிப் பீடத்தில் வைக்கும்போது, என்னிடம் ஒரு சொல் கேட்காமல் அவருடைய பெயரையும் எழுதிப் போட்டீர்கள். ஃபாதர் வாசித்தார். உங்கள் அப்பா பேதுரு. உங்கள் அம்மா றஞ்சிதம். அடுத்தது றேமண்ட். நான் மூன்றாம் வரிசை வாங்கில் இருந்தேன். எல்லாரும் "ஆண்டவரே, இவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்" என்று சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசியும் சொன்னா. நான் எழும்பி வந்துவிட்டேன்.

அவரை நீங்கள் கோவிலில் வைத்துச் சாகடித்தீர்கள். இப்போது அவருடைய உடுப்பையும் கேட்கிறீர்கள்.

அந்த அடையாள அட்டை எப்படி என் அலுமாரிக்கு வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2008 ஒக்டோபரில், தெமட்டகொடையில் யாரோ ஒருவருடைய பிரிண்டரைத் திருத்தப் போனார். ஐ.சீ. மேசையில் கிடந்தது. அந்த யுத்த நாளில், சோதனைச் சாவடிகளுக்கு நடுவே, ஐ.சீ. இல்லாமல் யாராவது வீதியில் இறங்குவார்களா? எடுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது. அவ்வளவுதான். பிரிண்டர்காரர் ஆள் வரவேயில்லை என்றார். அன்று முதல் அது அலுமாரியில், என் கலியாணச் சேலைக்கு மேலே.

மாதாமாதம் முதல் செவ்வாய், கடையில் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு காணாமற்போனோரைத் தேடும் குழுவின் அலுவலகத்துக்குப் போகிறேன். அங்கே சூசைதாசன் என்று ஒரு கிளாக். "அம்மா, மரணச் சான்றிதழ் எடுத்தா நட்டஈட்டுக்குப் போடலாம்" என்பார். "ஆள் செத்தது உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்பேன். "தெரியாது அம்மா." "அப்ப கோப்பு திறந்துதானே இருக்கு?" "ஓம் அம்மா, திறந்துதான் இருக்கு." அதைக் கேட்டுவிட்டு வருவேன். எனக்கு இருப்பது அந்தத் திறந்த கோப்பு ஒன்றுதான். அது திறந்திருக்கும் வரைக்கும் அவரைத் தேட வேண்டிய கடமை ஒருவருக்கு இருக்கிறது.

ஐ.சீ. தரமாட்டேன்.

புளோறன்ஸ்

*

கொட்டாஞ்சேனை
மார்ச் 19

அன்புள்ள புளோறன்ஸ்,

நீர் சொன்னது சரி. மேற்கொண்டு வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு பெயருக்காகப் பூசை வைப்பது அவன் இறந்ததற்குச் சாட்சியாகாது என்று அப்போது உம்மோடு வாதாடினேன். திருச்சபைச் சட்டப்படி அது சரியான வாதம். நான் வென்றேன். அதற்குப் பிறகு நீர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நேற்று ஜிந்துப்பிட்டியில் ஒரு கடையில் தொலைபேசி திருத்துகிறவர் தேவை என்று ஒட்டியிருந்தது. உள்ளே போனேன். முதலாளி என் கையைப் பார்த்தார். "மாஸ்டர், உங்கட கை எழுதுற கை" என்றார். கையில் பட்டம் எழுதியிருக்கிறது போலும்.

நேசம் சுகம் கேட்கிறாள்.

ஹியூபேட்

*

வெள்ளவத்தை
ஏப்ரல் 5

அண்ணா,

புதன்கிழமை களுபோவில ஆஸ்பத்திரியில் நேசம் அக்காவைக் கண்டேன். எங்கள் கடையில் நிற்கும் பிள்ளை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அக்கா மருந்துத் துண்டோடு எதிரில் இருந்த பாமசியில் நின்றார். பாதி மருந்தை வாங்கினார். மீதியைப் பிறகு எடுக்கிறேன் என்று துண்டை மடித்து வைத்தார். என்னைக் கண்டு சிரித்தார். நான்தான் அழுதுவிட்டேன்.

அதற்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமை. குழுவுக்குப் போனேன். சூசைதாசன் லீவு. வேறொரு பிள்ளை இருந்தது. "பெயர் என்ன அம்மா?" என்று கேட்டது. சொன்னேன். "ரே... ரேமன்?" என்றது. நானே அந்தத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

வரும் வழியில் யோசித்தேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக அவருடைய பெயரைச் சொல்ல நான் ஒருத்திதான். நீங்கள் அந்தப் பெயரில் வேலைக்குப் போனால், ஒரு அலுவலகத்தில் காலையில் யாராவது "றேமண்ட் வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். இன்னொருவர் "ஓம், வந்துட்டார்" என்று சொல்லுவார். இது பைத்தியக்கார நினைப்பு. இரண்டு நாளாக அது போகவில்லை.

எல்லாம் இந்தக் கவரில் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அவருக்கு யாரும் ஏசக்கூடாது. ஏசினால் வேலையை விட்டுவிடுங்கள்.

இந்த முறையாவது ஐ.சீ. எடுத்துக்கொண்டு போகட்டும்.

புளோறன்ஸ்

*

கொட்டாஞ்சேனை
ஏப்ரல் 27

அன்புள்ள புளோறன்ஸ்,

றேமண்டுக்கு வேலை கிடைத்தது.

கம்பனி உமக்குக் கிட்டத்தான். காலி வீதியில், ஒரு சேலைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. அவுஸ்திரேலியாவில் சிறு கடைக்காரர்கள் கணக்கு எழுதும் மென்பொருளை இவர்கள் பராமரிக்கிறார்கள். அந்தக் கடைக்காரர்கள் கடவுச்சொல்லை மறந்தால் தொலைபேசி எடுப்பார்கள். இங்கிருந்து ஒருவர் புதிய கடவுச்சொல் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் றேமண்ட்.

நேர்முகத்தில் இரண்டு பேர். முதலாளி பாயிஸ், இருபத்தொன்பது வயது, சப்பாத்து மிக வெள்ளை. ஆட்களை எடுப்பதற்குப் பொறுப்பான பஹ்மியா என்ற பிள்ளை. பாயிஸ் ஐ.சீ.யைக் கையில் எடுத்து, பதினெட்டு வயது றேமண்டையும் ஐம்பத்திரண்டு வயது என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டைம் போய்த்து, என்ன?" என்றார்.

"ஓம், போயிட்டுது" என்றேன்.

அந்த அளவில் அடையாளம் உறுதிசெய்யப்பட்டது. பஹ்மியா கவனமான பிள்ளை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், 2008க்குப் பொறகு ஒண்டுமே இல்லையே. அதுக்குப் பொறகு எங்க இருந்தீங்க? உண்மையச் செல்லுங்க."

இந்தக் கேள்விக்கு நான் ஒரு வாரமாகத் தயாரித்திருந்த பதில் ஒன்று இருந்தது. தலைமன்னாரில் மைத்துனருடைய கடை, மீன் ஐஸ், இன்னும் பல. வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"காணாமல் போயிருந்தனான்" என்றேன்.

பாயிஸ் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அங்கிள், எங்கட டெவலப்பர்மாரும் அப்பிடித்தான். சம்பளம் எடுத்த அடுத்த நாள் ஆளக் காணம். போன் போட்டா சத்தமில்ல. நீங்க பரவாயில்ல, திரும்பி வந்திருக்கிறீங்க."

பஹ்மியாவும் சிரித்துக்கொண்டே கணினியில் தட்டினார். திரை என் பக்கம் சற்றுத் திரும்பியிருந்தது. 'தகுதிகள்' என்ற தலைப்பின் கீழ், 'எங்கும் போகமாட்டார்' என்று இருந்தது.

இப்படியாக, இரண்டு பட்டத்தாலும் இருபது வருடத்தாலும் முடியாததை உம்முடைய கணவன் பத்து நிமிடத்தில் செய்து முடித்தான். நேசத்துக்கு முழு மருந்தும் வாங்கியாயிற்று.

ஹியூபேட்

*

வெள்ளவத்தை
மே 6

அண்ணா,

சந்தோசம். ஆனால் நீங்கள் பாயிசுடைய சப்பாத்தைப் பற்றி எழுதுகிறீர்கள், வேண்டியதை எழுதவில்லை.

அவரை எங்கே இருத்தியிருக்கிறார்கள்? ஜன்னல் இருக்கிறதா? ஏ.சீ.க்கு நேரே இருந்தால் அவருக்குத் தடிமனும் தும்மலும் வரும். காலையில் யார் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அங்கிள் என்று மட்டும்தான் கூப்பிடுகிறார்களா, பெயரும் சொல்கிறார்களா? தேத்தண்ணிக்கு அவருக்கு ஒன்றரைக் கரண்டி சீனி. உங்களுக்குச் சீனி வருத்தம் என்று தெரியும். என்றாலும் கேட்கும்போது ஒன்றரை என்று சொல்லுங்கள். குடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இன்றைக்குச் சந்தைக்குப் போகும்போது அந்த மூன்றாம் மாடியைப் பார்த்தேன். கண்ணாடி. ஒன்றும் தெரியவில்லை.

புளோறன்ஸ்

*

கொட்டாஞ்சேனை
ஜூலை 22

அன்புள்ள புளோறன்ஸ்,

உம்முடைய எல்லாக் கேள்விகளுக்கும் பிந்தியாவது பதில் தருகிறேன். ஜன்னல் இருக்கிறது, கடலில் ஒரு துண்டும் தண்டவாளமும் தெரியும். ஏ.சீ. நேரே இல்லை. ஒன்றரைக் கரண்டி சீனி என்று சொன்னேன். பிறகு குடித்தேன். காலையில் முதலில் பெயர் சொல்வது வாசலில் விரல் வைக்கிற இயந்திரம். ஒரு பெண் குரலில், ஆங்கிலத்தில், "நன்றி, றேமண்ட்" என்கிறது. மாலையிலும் அதே நன்றி.

வேலையில் இருக்கும் ஒரே கஷ்டம், தெரியாமல் இருப்பது. போன மாதம் அவர்களுடைய தரவுத்தளம் முழுவதும் படுத்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் பாயிசைச் சுற்றி நின்று பிரார்த்தித்தார்கள். எங்கே பிழை என்று எனக்கு என் இருக்கையிலிருந்தே தெரிந்தது. அரை நாள் பொறுத்தேன். பிறகு பொறுக்க முடியாமல், சும்மா கேட்கிற மாதிரி, அந்த வரியை மாற்றிப் பார்த்தால் என்ன தம்பி என்றேன். எல்லாம் எழும்பிவிட்டது.

"அங்கிள், இது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?" என்று பாயிஸ் கேட்டார்.

"எனக்கு ஒரு அண்ணா இருந்தவர். அவர் சொல்லித் தந்தவர்."

"அவர் இப்ப எங்க?"

"வீட்டில. வேலையில்ல. கூடப் படிச்சுப் போட்டார்."

"பாவம்" என்றார் பாயிஸ். உண்மையான இரக்கத்தோடு.

இதன் விளைவாக றேமண்ட் இந்தக் காலாண்டின் சிறந்த ஊழியனாகத் தெரிவாகியிருக்கிறான். வரவேற்பு மேசைக்கு மேலே சட்டமிட்ட படம். மேலே சிறு மின்விளக்கு. வருகிறவர்கள் எல்லாரும் படத்தை ஒரு தரம் பார்த்து, அமைதியாகிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். புதிதாக வந்த ஒரு பிள்ளை, இவர் எப்போது காலமானவர் என்று என்னிடமே கேட்டது.

வியாழக்கிழமை, ஜூலை பதினெட்டு, அவனுடைய பிறந்தநாள். நான் மறந்துபோனேன். அவர்கள் மறக்கவில்லை. கேக் வெட்டினோம். பெயர் சரியாக எழுதியிருந்தது. எல்லாரும் பாடினார்கள், "ஊதுங்க றேமண்ட் அங்கிள், ஊதுங்க" என்று. ஊதினேன். நாற்பத்தாறு.

ஒரு துண்டை உமக்குக் கொண்டுவந்தேன். உம்முடைய மாடி வீட்டுக்கு ஏறி வரத் துணிவில்லை. கீழே காவலாளியிடம் கொடுத்தேன். யார் தந்ததென்று சொல்வது என்று சிங்களத்தில் கேட்டார். வாயெடுப்பதற்குள் என் கழுத்தில் தொங்கிய அட்டையை அவரே வாசித்துவிட்டு, "ஹரி, றேமண்ட் மாத்தயா" என்றார், சரி, றேமண்ட் ஐயா என்று. நான் திருத்தவில்லை.

ஹியூபேட்

*

வெள்ளவத்தை
செப்ரெம்பர் 15

அண்ணா,

இவ்வளவு நாள் எழுத முடியவில்லை.

பிறந்தநாள் அன்றைக்குப் பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். காவலாளி ஒரு பொதியை நீட்டி, "நோனா, றேமண்ட் மாத்தயா துன்னா" என்றார். தந்துவிட்டுப் போனார் என்று. எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். பஸ் தரிப்புப் பக்கம் கையைக் காட்டினார். காவலாளி போன பிறகும் கதவைப் பூட்டவில்லை. கேக்கைச் சாப்பிடக் கூடாது என்று நினைத்தேன். பிறகு சாப்பிட்டேன்.

நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பைத்தியமில்லை. ஆனால் அதற்குப் பிறகு, கடை விட்டதும் பஸ் தரிப்புக்கு எதிரே வந்து நிற்கிறேன். நீங்கள் என்னைக் காணவில்லை. முதுகு மட்டும் பார்ப்பேன். இடது தோளைச் சரித்து நிற்கிறீர்கள். அது உங்களுடைய தோள் இல்லை. நீங்கள் எப்போதும் கோவில் தூண் மாதிரி நிற்கிற ஆள்.

வெள்ளிக்கிழமை வீதியைக் கடந்து கிட்ட வந்தேன். "றேமண்ட்" என்றேன். பெரிதாகக் கூப்பிடவில்லை. பஸ் இரைச்சல். நீங்கள் உடனே திரும்பினீர்கள். ஒரு கணம் அந்த முகத்தில், "என்னப்பா, எதை விட்டிட்டு வந்தனான்?" என்கிற கேள்வி இருந்தது. பிறகு அது உங்களுடைய முகமாகிவிட்டது. நான் சனத்துக்குள்ளே போய்விட்டேன்.

நான் கூப்பிட்டதற்கு மன்னிக்கவும். நீங்கள் ஏன் திரும்பினீர்கள்?

புளோறன்ஸ்

*

கொட்டாஞ்சேனை
செப்ரெம்பர் 23

அன்புள்ள புளோறன்ஸ்,

திரும்பினேன். உம்மைக் கண்டேன். அதற்குப் பழக்கம் என்று ஒரு விளக்கம் எழுதி, கிழித்துவிட்டேன். அந்த விளக்கம் போதாது.

போன வாரம் ஒரு பெரிய வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. ஏழு மாதத்துக்கு முன்னர், முதுமாணியை நீக்குமுன் போட்ட விண்ணப்பம். முதுமாணி உள்ளவர்தான் தேவையாம், தரவுத்தளத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர்தான் தேவையாம். "ஹியூபேட்டுடன் கதைக்கலாமா?" என்று கேட்டார்கள்.

"அவர் இங்க இல்ல" என்றேன்.

"எப்ப வருவார்?"

"தெரியாது."

வைத்துவிட்டேன். நேசம் கதவடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன் தோளைத் தொடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டு தரம் கூப்பிட்டாளாம், நான் திரும்பவில்லையாம்.

இடது தோள் பற்றி: எனக்குத் தெரியாது. நீர் எழுதிய பிறகு கண்ணாடியில் பார்த்தேன். சரிந்துதான் இருக்கிறது.

ஹியூபேட்

*

வெள்ளவத்தை
ஒக்டோபர் 2

அண்ணா,

நேற்று முதல் செவ்வாய். குழுவுக்குப் போனேன்.

சூசைதாசன் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். இத்தனை வருடத்தில் அவர் எழும்பி நான் காணவில்லை.

"அம்மா, இருங்கோ. நல்ல செய்தி."

கதிரையின் நுனியில் இருந்தேன்.

"ஆள் இருக்கிறார், அம்மா. உயிரோட இருக்கிறார். இப்ப புது முறை வந்திருக்கு, ஐ.சீ. நம்பரைப் போட்டுத் தட்டினா எல்லாத் திணைக்களமும் வரும். மாசாமாசம் சம்பளத்தில இருந்து சேமலாப நிதி கட்டுப்படுது. எங்க தெரியுமோ? இந்தா, வெள்ளவத்தையில! உங்கட வீட்டில இருந்து நடக்கிற தூரம்!"

அவர் கண்ணைத் துடைத்தார். நல்ல மனுசன், அண்ணா. உள்ளேயிருந்து மேலதிகாரியும் வந்தார். அந்தக் குழு தொடங்கிய நாளிலிருந்து தேடி உயிரோடு கண்டுபிடித்தது இதுதான் முதல் ஆளாம். ஆண்டறிக்கையில் போடப் போகிறார்களாம். எனக்கு ஒரு டொஃபி தந்தார்கள்.

"அப்ப கோப்பு?" என்று கேட்டேன்.

"மூடியாச்சு, அம்மா. ஆள் கிடைச்சா மூடத்தானே வேணும்."

"அவர் வீட்டுக்கு வரேல்லையே."

சூசைதாசன் மெல்லக் குனிந்து, "அது அம்மா, குடும்ப விசயம். அதில நாங்கள் தலையிடேலாது. சில ஆம்பிளையள் அப்பிடித்தான்" என்றார்.

மூடின கோப்பைத் திரும்பத் திறக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். ஆள் மறுபடியும் காணாமல் போனால் மட்டும் புதிதாக ஒன்று திறக்கலாமாம்.

வீட்டுக்கு வந்து, டொஃபி கையில் உருகியிருந்ததைக் கழுவினேன்.

புளோறன்ஸ்

*

கொட்டாஞ்சேனை
ஒக்டோபர் 7

அன்புள்ள புளோறன்ஸ்,

அடுத்த திங்கட்கிழமை குழுவுக்குப் போகிறேன். நான் யார், எப்படி இது நடந்தது, எல்லாவற்றையும் எழுத்தில் கொடுப்பேன். ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனையோ அதைத் தரட்டும். கோப்பைத் திறப்பார்கள். நான் கவரில் பெயர் எழுதி அவனைச் சாகடித்தேன் என்றீர். நேரிலே உயிரோடு நடமாடி அதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறேன்.

உம்முடைய ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறேன். தொலைபேசியில் சொன்னாலும் போதும்.

ஹியூபேட்

*

வெள்ளவத்தை
ஒக்டோபர் 12

அண்ணா,

தொலைபேசியில், குழுவுக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணத்தை எழுதுகிறேன்.

நீங்கள் உள்ளே போனால் நேசம் அக்காவைக் களுபோவிலைக்கு யார் கூட்டிப்போவது? அதோடு, நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அவர்கள் கோப்பைத் திறக்கமாட்டார்கள். முதல் முதலாக ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை அவர்கள் விடமாட்டார்கள். ஐ.சீ.யைத் திருடினதாக உங்களைப் பிடிப்பார்கள். தந்ததாக என்னைப் பிடிப்பார்கள். பிறகு அவரைத் தேடச் சொல்லிக் கேட்க வெளியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை வழமை போல வேலைக்குப் போங்கள். இயந்திரத்தில் விரல் வைத்து வெளியே வாருங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். ஒருவரிடமும் சொல்லாதீர்கள். போனை நிப்பாட்டிவிடுங்கள். ஐந்தரைக்கு பஸ் தரிப்பில் நில்லுங்கள். நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். அந்த முதுகை ஒரு தரம் வடிவாகப் பார்க்க வேண்டும், அவர் போன அன்றைக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறுங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஐ.சீ.யைத் திருப்பித் தர வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும்.

புளோறன்ஸ்

*

கொட்டாஞ்சேனை
நவம்பர் 3

அன்புள்ள புளோறன்ஸ்,

பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

நேசம் அந்தப் பக்கம் போனபோது, தான் யாரென்று சொல்லாமல் மாடிப்படியில் பஹ்மியாவோடு கதை கொடுத்திருக்கிறாள். அவர்கள் ஒரு வாரம் தொலைபேசி எடுத்தார்களாம். "அவர் அப்பிடிப் போற ஆள் இல்ல, அன்ட்டி. கூடப் படிச்சவங்கதான் போவாங்க" என்று பஹ்மியா சொன்னாராம். விளக்கோடு அந்தப் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. கழற்றக்கூடாது என்று பாயிஸ் சொல்லிவிட்டார்.

நேற்று மரித்தவர்களின் திருநாள். கவரில் அப்பாவையும் அம்மாவையும் எழுதினேன். நேசத்தின் மருந்து இந்த மாதம் வரைக்கும் இருக்கிறது. நான் சுயவிபரக் கோவையைத் திறந்து, நீக்கிய பட்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். எல்லாம் வேறு யாருடையதோ போல இருக்கின்றன.

ஹியூபேட்

*

வெள்ளவத்தை
நவம்பர் 6

அண்ணா,

நேற்றுக் குழுவுக்குப் போனேன். ஆளைத் திரும்பவும் காணவில்லை என்றேன். சூசைதாசன் தலையில் கை வைத்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, கேட்டுக் கேட்டுப் பதிந்தார்.

கடைசியாகக் கண்டது யார் என்றார். நான் என்றேன். எங்கே என்றார். வெள்ளவத்தை, காலி வீதி, பஸ் தரிப்பு என்றேன். என்ன உடுப்பு என்றார். வெள்ளைச் சேர்ட், கறுத்தக் காற்சட்டை, கழுத்தில் பெயர் அட்டை என்றேன். ஐ.சீ. கொண்டு போனவரா என்றார். ஓம் என்றேன்.

கோப்பு திறந்திருக்கிறது. இலக்கம் புதிது. காணாமற்போன திகதி, 2024 ஒக்டோபர் 18.

புளோறன்ஸ்